மெழுகில் வைத்த முத்து

அன்று மத்தியானம் மாடி அறையில் இருந்தவர்களை முதலில் சொல்லிவிடுகிறேன்.

டிராயிங் டீச்சர். மதுரையிலிருந்து ரயிலில் வந்து போகிறவர்.

பூட்டுப் பட்டறை அக்கா. அவர் வீட்டுக்காரர் பட்டறை வைத்திருந்தார். எங்களில் மூத்தவர்.

தோல் மண்டி வீட்டுப் பெண். சின்னவள். எழுத்து அவளுக்கு அச்சு மாதிரி வரும்.

சுகாதார இன்ஸ்பெக்டர். காக்கிச் சட்டை. உட்காரச் சொல்லியும் உட்காரவில்லை.

நான்.

மேசைக்கு அடியில் என் மகள். ஐந்து வயது. சிலேட்டில் கோடு போட்டுக்கொண்டிருந்தாள்.

சீனாக்காரனோடு சண்டை வந்ததற்கு முந்தின கோடை அது. திண்டுக்கல்லில் மாதர் சங்கத்து மாடியில் பெண்களுக்குப் படம் போடும் வகுப்பு நடந்தது. நான் ஐந்தாம் வகுப்போடு நின்றவள். பூத்தையல் போடுவேன். அதற்கு டிசைன் வரையக் கற்றுக்கொண்டால் நாலு காசு வரும் என்று போனேன். என் வீட்டுக்காரர் ஒட்டன்சத்திரத்திலிருந்து கேரளாவுக்குக் காய்கறி ஏற்றிப்போகும் லாரியின் டிரைவர். பாதி நாள் வீட்டில் இருக்க மாட்டார். வீட்டில் நான், மகள், அவருடைய அக்கா. அவரை நான் மதினி என்பேன். புருஷன் போன பிறகு எங்களோடு வந்து இருந்தார்.

இன்ஸ்பெக்டர் வந்த காரியத்தைச் சொன்னார்.

“பெரியம்மை வந்துகிட்டிருக்கு. தாடிக்கொம்பு ரோட்டுல ரெண்டு வீட்டுல போட்டிருக்கு. அம்மை குத்த ஆள் போனா கதவச் சாத்துறாங்க. நோட்டீசு ஒட்டுனா எவனும் படிக்க மாட்டேங்கிறான். படம் வேணும். பாத்தா பயப்படணும். பயந்து ஓடியாரணும்.”

“அச்சடிக்கவா?” என்றார் டீச்சர்.

“அச்சுக்கு எங்கம்மா காசு? கையாலதான். உங்க பிள்ளைகளுக்கும் இது ஒரு பரீட்சை மாதிரி.”

டீச்சர் அவரிடம் நோயைப் பற்றிக் கேட்டார். தெரியாததை வரையக் கூடாது என்பது அவர் கட்டளை. இன்ஸ்பெக்டர் விவரமாகச் சொன்னார். சின்னம்மை என்றால் நெஞ்சிலும் முதுகிலும் நிறையப் போடும். பெரியம்மை முகத்திலும் கை காலிலும் போடும். உள்ளங்கை, உள்ளங்கால் வரைக்கும் விடாது. கண்ணில் போட்டால் கண் போகும். பிழைத்தால் முகம் முழுக்கக் குழி. அவர் சொல்லச் சொல்ல மேசைக்கு அடியில் சிலேட்டுக் குச்சி மட்டும் கீறிக்கொண்டிருந்தது.

அவர் குனிந்து பார்த்தார்.

“இந்தப் பாப்பாவுக்குக் குத்தியாச்சா?”

நான் தலையை ஆட்டினேன். எந்தப் பக்கம் ஆட்டினேன் என்று எனக்கே தெரியாது. அவர் போய்விட்டார்.

என் மகளுக்குக் குத்தவில்லை. அம்மை குத்துகிறவர் தெருவில் நுழைந்தால் மதினி அவளைத் தூக்கிக்கொண்டு போய்க் நெல்லுக் குதிருக்குப் பின்னால் உட்கார்ந்துவிடுவார். மதினிக்கு ஒரே பையன் இருந்தான். அம்மை குத்தின வாரத்தில் காய்ச்சல் கண்டு போய்விட்டான். குத்தினதால்தான் போனான் என்பது அவர் எண்ணம். அவரிடம் அதைப் பற்றி யாரும் பேசுவதில்லை. நானும் பேசினதில்லை.

படத்துக்கு டீச்சர் மூன்று விதி சொன்னார். இரண்டு நிறத்துக்கு மேல் கூடாது. எழுத்து மூன்று வார்த்தைக்கு மேல் கூடாது. மாட்டுவண்டியில் போகிறவன் வண்டியை நிறுத்தாமலே புரிந்துகொள்ள வேண்டும்.

பட்டறை அக்கா ஒரு கதவும் அதில் பெரிய பூட்டும் போட்டார். பூட்டின் சாவி, ஊசி மாதிரி இருந்தது.

“நோய் உள்ள வராதுன்னு அர்த்தம்” என்றார்.

“அக்கா, இது உங்க பட்டறைக்கு விளம்பரம்ல?” என்றாள் தோல் மண்டிப் பெண்.

“ரெண்டுக்கும் ஆகட்டுமே. நம்ம ஊர்ல பூட்டக் கண்டா நின்னு பாக்காதவன் உண்டா?”

தோல் மண்டிப் பெண் ஒரு கை மட்டும் வரைந்தாள். முழங்கைக்கு மேலே அம்மை குத்தின வடு. அவ்வளவுதான்.

“முகம் போட வேண்டியதுதானே?” என்று கேட்டேன்.

“முகம் போட்டா எங்க அத்தாவுக்குப் பிடிக்காதுக்கா, உருவம் வரையிறது எங்க மார்க்கத்துல கூடாதும்பாரு. கை போதும். கையிலதானே குத்துறாங்க.”

நான் முகம் போட்டேன். எனக்கு அளவு பார்க்க ஒரே முகம்தான் இருந்தது. மகளை ஜன்னல் பக்கம் ஸ்டூலில் உட்கார வைத்தேன். நெற்றியிலிருந்து தாடை வரைக்கும் நடுவில் ஒரு கோடு. இடப்பக்கம் சுத்தமான முகம். வலப்பக்கம் அம்மை. முடியைப் பின்னாமல் இரண்டு பக்கமும் விரித்துவிட்டேன். நோயில் கிடக்கிற பிள்ளைக்குத் தலை சீவ மாட்டோம், அதனால்.

அம்மைக் கொப்புளம்தான் வரவில்லை. கறுப்புப் புள்ளி வைத்தேன். கடுகு சிதறினது மாதிரி இருந்தது. சிவப்பு வைத்தேன். தூரத்தில் பார்த்தால் பொட்டு. டீச்சர் கிழிக்கச் சொன்னார். மூன்று தாள் போனது.

அப்புறம் பட்டறை அக்கா வடை கொண்டுவந்தார். அந்த எண்ணெய் என் தாளில் பட்டுவிட்டது. அதன் மேல் சிவப்புச் சாயம் தடவினபோது எண்ணெய் பட்ட இடத்தில் சாயம் ஒட்டவில்லை. வெள்ளையாக நின்றது. அதுதான் வேண்டும் என்று தெரிந்தது. எண்ணெய் பரவும், மெழுகு பரவாது. மெழுகுவர்த்தி ஏற்றி, வலப்பக்கம் சொட்டுச் சொட்டாக விட்டேன். மேலே சிவப்பைத் தடவினேன். காய்ந்த பின் மெழுகை மொண்ணைக் கத்தியால் சுரண்டி எடுத்தேன். சிவந்த முகத்தில் வெள்ளை வெள்ளையாக எழும்பி நின்றன. எங்கள் ஊரில் அம்மைக் கொப்புளத்துக்கு முத்து என்றுதான் பேர். அசல் முத்து மாதிரியே இருந்தது.

நிறைய வைத்தால் தூரத்துக்குக் குழம்பும் என்று டீச்சர் குறைக்கச் சொன்னார். குறைத்துக் குறைத்துப் பதினொன்றில் நின்றது.

மகள் ஸ்டூலை விட்டு இறங்கி வந்து பார்த்தாள்.

“இது நானாம்மா?”

“ஆமா.”

“இந்தப் பக்கம்?”

“அது சும்மா.”

பட்டறை அக்கா எட்டிப் பார்த்தார். சிரித்துக்கொண்டே, “ஒரு கொத்து வேப்பிலையும் சொருகிட்டா கும்பிட்டுரலாம் போல” என்றார். நாங்களும் சிரித்தோம். சிரித்துக்கொண்டே நான் தாளைக் கவிழ்த்து வைத்தேன். ஆனால் இன்ஸ்பெக்டர் மறுநாள் வந்து மூன்று படத்தையும் பார்த்து, என்னுடையதை எடுத்துத் தனியாக வைத்தார்.

“இதுதான். எனக்கே பயமா இருக்கு” என்றார்.

டீச்சர் கைப்படத்தைத்தான் கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டிருந்தார்.

எல்லோருமாகச் சேர்ந்து படி எடுத்தோம். முகத்தை நான் போட்டேன். சாயம் அக்கா தடவினார். கீழே ‘அம்மை குத்திக்கொள்ளுங்கள்’ என்று தோல் மண்டிப் பெண் எழுதினாள். எழுத்துக் கட்டையாக, ஒரு சாண் உயரத்துக்கு. முகம் மேலே, எழுத்துக் கீழே என்பது டீச்சர் முடிவு. ஒவ்வொரு தாளிலும் மெழுகு சொட்டும்போது மனசுக்குள் எண்ணுவேன். என் பிள்ளை முகத்தில் எத்தனை தடவை வைத்தேனோ.

ஊரில் ஒட்டினார்கள். மதினியிடம் நான் சொல்லவில்லை.

அடுத்த வெள்ளிக்கிழமை மகளைக் கூட்டிக்கொண்டு கடைக்குப் போனேன். சிறுமலைப் பழம் குதிரையில் வந்து இறங்குகிற இடத்தில், கிணற்றுச் சுவரில் ஒரு படம் ஒட்டியிருந்தார்கள். அங்கே கூட்டம். அம்மை குத்திக்கொள்ளக் கூடியிருக்கிறார்கள் என்று நினைத்துக் கிட்டே போனேன்.

படத்தைச் சுற்றி வேப்பிலை கட்டியிருந்தது. நெற்றியில் குங்குமம். மஞ்சள் தண்ணீர் வழிந்து காய்ந்திருந்தது. அடியில் விளக்கு, கூழ்ப்பானை, வாழைப்பழம். எழுத்து இருந்த இடத்தைப் பானைகள் மறைத்துவிட்டன. அப்போதுதான் நான் என் படத்தை மற்றவர்கள் கண்ணால் பார்த்தேன். சிவந்த முகம், விரித்த முடி, முத்து. பாதி முகம் சாந்தம், பாதி முகம் கோபம். நான் மாரியாத்தாவைத்தான் வரைந்திருந்தேன். வரையும்போது தெரியவில்லை.

பழக்காரி ஒருத்தி என் மகளைப் பார்த்தாள். சுவரைப் பார்த்தாள். திரும்ப மகளைப் பார்த்தாள்.

“ஏத்தா, இது யாரு பிள்ள?”

“என் பிள்ளதான்.”

அவள் கூடையை இறக்கி வைத்தாள். குனிந்து மகளின் காலைத் தொட்டாள். பின்னால் இருந்தவர்கள் திரும்பினார்கள்.

“தொடாதத்தா. ஆத்தா இறங்கியிருக்கா” என்றது ஒரு குரல்.

“எங்க வீட்டுப் பிள்ளைக்குத் திருநீறு பூசிவிடச் சொல்லுங்க” என்றது இன்னொரு குரல்.

மகள் என் சேலைக்குள் முகத்தைப் புதைத்தாள். அவளைத் தூக்கினேன். ஓடினால் பின்னால் வருவார்களோ என்று ஓடவில்லை, நடந்தேன். முதுகில் எல்லோர் கண்ணும் இருந்தது. தெரு திரும்பினதும் ஓடினேன்.

வீட்டில் மதினி வாசலில் நின்றார். அவருக்கு எனக்கு முன்னாலேயே சேதி வந்துவிட்டது.

“சுவத்துல இருக்கிறது நம்ம பிள்ளதானே?”

“படம் மதினி.”

“முத்த யாரு வச்சது?”

“நான்தான். மெழுகுல.”

“எத்தன?”

“பதினொண்ணு.”

மதினி கத்தவில்லை. கத்தியிருந்தால் தேவலை.

“பெத்தவளே கூப்பிட்டிருக்க. வராம இருப்பாளா?” என்றார். மகளை வாங்கிக்கொண்டு உள்ளே போனார்.

அன்று சாயந்தரம் மகளுக்கு உடம்பு சுட்டது.

விடிந்ததும் மொண்ணைக் கத்தியை எடுத்துக்கொண்டு கிணற்றடிக்குப் போனேன். படத்தைச் சுரண்டி எடுத்துவிட வேண்டும். அதைத் தவிர ஒன்றும் தோன்றவில்லை. அங்கே தோளில் பிள்ளையைப் போட்டுக்கொண்டு ஒரு ஆள் நின்றார். பிள்ளையைத் துணியால் மூடியிருந்தது. ஒரு கை மட்டும் வெளியே தொங்கியது. அந்தக் கையில் இடமில்லாமல் போட்டிருந்தது.

“என்னத்தா, கத்தியோட வந்திருக்க?”

“வேப்பங்குழை அறுக்க.”

“இதுல கை வச்சுராத. மரத்துல போய் அறு.”

“சரிண்ணே.”

“செத்த நேரம் நீயும் நில்லு. பிள்ளைக்காக வேண்டிக்க. நான் ஒருத்தன் கேட்டா அவளுக்குக் காதுல விழல.”

நின்றேன். நான் வரைந்த படத்தின் முன்னால் அவர் பிள்ளைக்காகக் கும்பிட்டேன். கத்தி முந்தானைக்குள் இருந்தது. கும்பிடும்போது அவர் பிள்ளையா என் பிள்ளையா என்று மனசு மாறி மாறிப் போனது. படத்தைத் தொடாமல் திரும்பினேன்.

மூன்றாம் நாள் மகள் உடம்பில் முத்து கண்டது.

மதினி வேப்பிலையை முன்வாசலில் கட்டவில்லை. கட்டினால் தெருவுக்குத் தெரியும், இன்ஸ்பெக்டருக்குப் போகும். பெரியம்மை என்றால் ஊருக்கு வெளியே இருந்த கொட்டகைக்குக் கொண்டுபோய்விடுவார்கள். அங்கே போன பிள்ளைகள் திரும்பி வந்ததாக நாங்கள் யாரும் கேள்விப்பட்டதில்லை. அதனால் புறக்கடைக் கதவில் உள்பக்கமாகக் கட்டினார். அம்மை கண்ட வீட்டில் எண்ணெய் பொரியக் கூடாது என்று தாளிக்கிறதை நிறுத்தினோம். கஞ்சியும் மோரும்தான். என் வீட்டுக்காரர் கேரளாவில் எங்கே இருக்கிறார் என்று தெரியாது.

இன்ஸ்பெக்டர் மாடியில் சொன்னது எனக்கு நினைவு இருந்தது. உள்ளங்கை. உள்ளங்கால்.

மகள் காய்ச்சலில் இரண்டு கையையும் இறுக்கி மூடிக்கொண்டு கிடந்தாள். விரித்துப் பார்க்க எனக்குத் தைரியம் வரவில்லை. காலைப் பார்க்கலாம் என்றால், அவள் காலை மடக்கி வேப்பிலைக்குள் வைத்திருந்தாள். தொட்டால் அழுதாள். முகத்தில் மூன்று நாலு இருந்தது. எந்தப் பக்கம் என்று பார்த்தேன். வலப்பக்கம். வெளியே போய்ப் புறக்கடையில் உட்கார்ந்துவிட்டேன்.

அப்போது முன்கதவைத் தட்டினார்கள். இன்ஸ்பெக்டர் குரல்.

“வகுப்புக்கு வரலையாமே. இன்னும் கொஞ்சம் படம் வேணும்மா. தாடிக்கொம்புக்கும் அகரத்துக்கும்.”

மதினி கதவை ஒரு சாண் திறந்தார்.

“அவளுக்கு மேலுக்கு முடியல. அப்புறம் வாங்க.”

“பாப்பா எங்க?”

“ஒட்டன்சத்திரம் போயிருக்கு. சொந்தக்காரங்க வீட்டுக்கு.”

உள்ளே மகள் தண்ணி கேட்டாள். நல்ல கணீர்க் குரல் அவளுக்கு.

இன்ஸ்பெக்டர் செருப்பைக் கழற்றும் சத்தம் கேட்டது. மதினி குறுக்கே நின்றார்.

“கொண்டுபோகக் கூடாது. என்னைய வெட்டிட்டுக் கொண்டுபோங்க.”

“பாக்கத்தான் போறேன் ஆத்தா.”

“பாத்தா எழுதுவீக.”

“எழுதணும்னா எழுதுவேன். தள்ளுங்க.”

மதினி விலகவில்லை. என்னைத் திரும்பிப் பார்த்தார். நான் புறக்கடை நிலையில் நின்றிருந்தேன். நான் சொன்னால்தான் விலகுவார் என்று தெரிந்தது. தெரியாமலே இன்னும் ஒரு நாள் என்னால் இருக்க முடியாது என்று தோன்றியது.

“பாக்கட்டும் மதினி” என்றேன்.

இன்ஸ்பெக்டர் என் மகள் பக்கத்தில் குத்துக்காலிட்டு உட்கார்ந்தார். முதலில் முகத்தைப் பார்த்தார். மூடியிருந்த கையை எடுத்தார். விரல் விரலாகப் பிரித்தார். கண்ணை மூடிக்கொள்ளலாம் என்று நினைத்தேன், மூட முடியவில்லை. ஒரு கை. அடுத்த கை. பிறகு வேப்பிலையை ஒதுக்கி உள்ளங்காலைத் தடவினார். சட்டையைத் தூக்கி நெஞ்சைப் பார்த்தார். புரட்டி முதுகைப் பார்த்தார். நெஞ்சிலும் முதுகிலும் நிறைய இருந்தது. சிலது பழுத்து, சிலது அப்போதுதான் தலைகாட்டி.

“சின்னம்மை” என்றார்.

மதினி சுவரைப் பிடித்துக்கொண்டு கீழே உட்கார்ந்தார். நான் நின்றபடியே இருந்தேன்.

“நல்லாப் பாத்தீகளா?” என்றேன்.

“உள்ளங்கையில இல்ல. கால்ல இல்ல. இது வேற. ஆனா இது போனதும் பெரியது வராதுன்னு நினைக்காதீங்க. இவளுக்குக் குத்தலைல்ல?”

இந்தத் தடவை தலையை ஆட்டாமல் வாயால் சொன்னேன்.

“குத்தல.”

அவர் மதினியைப் பார்த்தார். மதினி தன் பையனைப் பற்றிச் சொன்னார். வெளி ஆளிடம் அவர் அதைச் சொல்லிக் கேட்டது அன்றுதான். இன்ஸ்பெக்டர் குறுக்கே பேசவில்லை. கடைசியில், “அந்தக் காய்ச்சல் எதனால வந்ததுன்னு நான் இப்பச் சொன்னா அது பொய்யாப் போகும் ஆத்தா. இந்தப் பிள்ளைய விட்டுறாதீங்க. அதத்தான் சொல்லுவேன்” என்றார்.

போகும்போது படத்தைக் கிழித்துவிடும்படி அவரிடம் கேட்டேன்.

“எதுக்குக் கிழிக்கணும்? வெள்ளிக்கிழமைக்கு வெள்ளிக்கிழமை அங்கதான் சனம் கூடுது. என் மேசையையும் அங்கயே போடப்போறேன்.”

“அது அம்மை குத்தச் சொல்லிப் போட்ட படம். அத வச்சுக் கும்பிடுறாங்க.”

“கும்பிட்டுட்டுக் குத்திக்கிடட்டும்.”

அவர் சொன்னபடியே மேசை போட்டார். படத்துக்குப் பக்கத்துச் சுவரில், தோல் மண்டிப் பெண் வரைந்த கைப்படத்தை ஒட்டினார். டீச்சர் கொடுத்தனுப்பினாராம். முகத்தைக் கும்பிட்டுவிட்டுத் திரும்பினால் கை தெரியும். கை இருந்த திசையில் மேசை. சிலர் கையை நீட்டினார்கள், சிலர் ஓடினார்கள். பட்டறை அக்காவும் அங்கே போய் நின்று, “பூட்டு வாங்கலியோ பூட்டு” என்று பயந்த பெண்களைச் சிரிக்க வைத்துக் கொஞ்சம் பேரை மேசைக்கு இழுத்துவந்தாராம். கத்தியோடு என்னைப் பார்த்த அந்த ஆளை நான் பிறகு கிணற்றடியில் பார்க்கவில்லை. கேட்கவும் பயம்.

அம்மை தணிந்ததும் மகளுக்கு வேப்பிலை போட்டு மூன்று தண்ணீர் ஊற்றினோம். பொருக்கு உதிர்ந்தது. உடம்பு தேறி ஒரு மாதம் கழித்து மேசைக்குக் கூட்டிப்போனேன். தலையில் முக்காடு போட்டுத்தான் கூட்டிப்போனேன், யாரும் முகத்தைப் பார்க்கக் கூடாது என்று. மதினி கூட வந்தார். பல் வைத்த சின்ன வட்டத் தகட்டைத் தோலில் வைத்துத் திருகினார்கள். மகள் அலறினாள். மதினி அவள் வாயைப் பொத்தவில்லை, தன் காதைப் பொத்திக்கொண்டார். அப்புறம் தானும் கையை நீட்டினார்.

அதற்குப் பிறகு ஒரு வாரம் நாங்கள் தூங்கவில்லை. மகளுக்குக் கை வீங்கியது, உடம்பு சுட்டது. மதினி மடியை விட்டு அவளை இறக்கவில்லை. காய்ச்சல் நின்ற அன்றைக்குத்தான் மதினி கடுகு தாளித்தார்.

ஆடிக் காற்றில் சுவர்ப் படம் கிழிந்து போனது. வகுப்பு முடிவில் வைத்த டிராயிங் பரீட்சைக்கு நான் போகவில்லை. பூத்தையலுக்குக் கொடியும் இலையும் வரைந்தேன், முகம் வரைந்ததில்லை.

மகளைக் குளிப்பாட்டும்போது தழும்புகளை எண்ணுவேன். அவள் பெரியவளாகித் தானே குளிக்கிற வரைக்கும் எண்ணினேன். முகத்தில் இரண்டு. முதுகில் ஐந்து. கையில் அம்மை குத்தினது இரண்டு.

ஒன்பது. பதினொன்று இல்லை.